பாதாளக் கரண்டியைத் தூக்கிய ரோபோ

என் தோட்டத்துக் கிணற்றில் ரோபோ நீந்தியிருக்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் வேறு எவன் கிணற்றிலாவது நீந்தியிருந்தால் சொல்லுங்க, மீசையை எடுத்துக்கொள்கிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மோட்டார் பட்டறை வைத்து ஆளானவன் நான். தண்ணிக்குள் ஓடுகிற மிசின் எதுவும் எனக்குப் புதுசில்லை.

மகள் வயிற்றுப் பேத்தி இஞ்சினியரிங் படிக்கிறாள். அவளும் கூட்டாளிகள் மூணு பேரும் சேர்ந்து, பிளாஸ்டிக் பைப்பும் குட்டி மோட்டார்களும் வைத்து அந்த ரோபோவைச் செய்திருந்தார்கள். முன்னால் கேமரா, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கை, பின்னால் மஞ்சள் ஒயர். கிணற்றடியில் கிடக்கும் பொருளை அது தூக்கி வருவதைப் படம் பிடித்து, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அனுப்பினால்தான் போட்டியில் சேர்ப்பார்களாம்.

ஒரு எவர்சில்வர் சொம்பைக் கிணற்றில் போட்டுவிட்டு ரோபோவை இறக்கினார்கள். சொம்பு வழுக்கி வழுக்கிப் போனது. மத்தியானமும் தாண்டியது. பேத்தி லேப்டாப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நானென்ன கல்லா? விழுந்த குடத்தைத் துழாவி எடுக்கிற கொக்கிக் கொத்து, பாதாளக் கரண்டி, என் பட்டறையிலேயே அடித்தது, மோட்டார் ரூமில் கிடந்தது. சொம்பை நிமிர்த்தி வைக்கலாமென்று எதிர்ப்பக்கமாய்ப் போய்ச் சத்தமில்லாமல் இறக்கினேன்.

மாட்டியது. சொம்பு அல்ல, மஞ்சள் ஒயர்.

ரோபோ நின்றுபோனது. நான் இழுக்க இழுக்க ஒயர் விறைத்தது. அறுந்தால் ரோபோவும் போச்சு, போட்டியும் போச்சு. "தாத்தா பெரிய மீனாப் புடிச்சுட்டாருடா" என்றான் கூட்டாளிகளில் ஒருத்தன். பேத்தி குரலை உயர்த்தவில்லை.

"அப்பிச்சி, கயித்த உட்டுப்போடுங்க."

"கரண்டி உள்ள போயிரும் அம்மணி."

"போகட்டுங்க. அத நான் எடுத்துத் தாரேன்."

பிடித்த கயிற்றை விட்ட பரம்பரையில்லை நான். ஆனாலும் விட்டேன். லேப்டாப்பில் பார்த்தேன்: ரோபோ திரும்பி, கரண்டியின் வளையத்தைக் கொடுக்கால் கவ்வி, ஒயரிலிருந்து மெல்லக் கழற்றி, அப்படியே மேலே தூக்கிக்கொண்டு வந்தது. அத்தனையும் படமாகிப்போச்சு. அனுப்பி முடித்தபோது தென்னைமரத்து உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. சொம்பு இன்றைக்கும் கிணற்றுக்குள்தான்.

போட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு சிக்கலான தடையை யோசித்து வைத்தது யாரென்று நடுவர்கள் வீடியோ காலில் கேட்டார்களாம். இவள் கூசாமல், "எங்க அப்பிச்சிங்க" என்றிருக்கிறாள். பெரிய படிப்புப் படித்தவர்களல்லவா, சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்த சோதனை எப்போது கண்ணு என்று கேட்டேன். முதலில் கரண்டியைக் கொண்டுபோய் அவள் ஹாஸ்டலில் வைத்துவிட்டு வந்து சொல்கிறாளாம்.