ஜாடி தட்டப் போன அண்ணனும் துணைக்குப் போன நானும்

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐந்துக்கு, கருவேப்பிலங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில், என் இடது கால் செருப்பின் வார் அறுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பயணமும் ரத்தாகவில்லை.

பயணம் என் அண்ணன் குமரேசனுக்காக. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளி விடுதியில் வளர்ந்தான். இந்த ஜூனோடு பதினெட்டு முடிந்தது, விடுதியும் முடிந்தது. இனி என்ன என்று யாரும் எழுதித் தரவில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு ஆறு மாதப் பயிற்சியும் பிறகு வேலையும் உண்டு, ஒரே ஒரு இடம் பாக்கி என்று அவன் வாத்தியார் கடிதம் போட்டார். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் ஆடுகளை மேய்க்க அனுப்புவதாக அப்பா முடிவு செய்திருந்தார். அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆறு இருபதுக்கு பஸ். ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், ஆளுக்கு இரண்டு ரூபாய். “இவருக்குக் காது கேக்காதுங்க, நான் துணைக்கு வரேன்” என்றேன். கண்டக்டர் என் செருப்பைப் பார்த்தார். “உனக்கே ஒரு துணை வேணும் போல இருக்குதே!” அண்ணனுக்கு அது கேட்கவில்லை. ஆனால் சிரித்தான். சைகையில் என் பெயரே காதைத் திருகுவதுதான், அவன் வைத்தது. சட்டைப் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து என் செருப்பு வாரில் மாட்டிவிட்டான்.

அரசு மருத்துவமனையில் அண்ணனின் ஊனச் சான்றுக்கு முத்திரை வாங்க மணி பத்தரை ஆனது. பட்டறைக்கு நடந்து போனால் இருபது நிமிடம்.

சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடியை அங்கே விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல ஜாடி கணீரென்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டொக்’. சூப்பர்வைசர் தயங்கினார். “இங்க எல்லாருமே தட்டிக் கேக்கணும் தம்பி. உங்க அண்ணன் என்னா பண்ணுவாரு?”

“எங்க வூட்டுல என்னைத் தட்டிக் கேக்கறதே அவருதாங்க.”

அவர் சிரித்துவிட்டு, பத்து ஜாடிகளை வரிசையாக வைத்தார். “சரி, பாக்கலாம்.” நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அண்ணனுக்குச் சைகை காட்டினேன்: விரிசல் என்றால் மூக்கைத் தொடுவேன்.

அண்ணன் ஒவ்வொரு ஜாடியின் விளிம்பையும் இடது கை விரல் நுனியால் லேசாகப் பிடித்துத் தட்டினான். நான் மூக்கைத் தொட்டேன், விட்டேன், மறுபடி தொட்டேன். கடைசியில் மூன்றைத் தள்ளி வைத்தான். சூப்பர்வைசர் பத்தையும் தட்டினார். அந்த மூன்று மட்டும் ‘டொக்’.

“எப்படிப்பா?” என்று என்னைக் கேட்டார். அண்ணன் அவர் விரல்களைப் பிடித்து ஒரு ஜாடி விளிம்பில் வைத்துத் தட்டினான். நல்ல ஜாடி நெடுநேரம் நடுங்கியது. விரிசல் ஜாடி சட்டென்று அடங்கியது. அவர் ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பியவர், நிறுத்தி, அண்ணனைப் பார்த்து எட்டு விரல்களைக் காட்டினார். திங்கட்கிழமை, காலை எட்டு மணி என்று தாளில் எழுதியும் கொடுத்தார். அண்ணன் அதை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்தான். பஸ் ஏறும்வரை பையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மாற்றுச் சான்றிதழ், இரண்டு போட்டோ, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் அவசியம். மருத்துவமனைக்கு எட்டு மணிக்கே போய் நில்லுங்கள். துணைக்கு வருபவரிடம் பேசுவதை விட்டு, உங்கள் பிள்ளையிடம் பேசும்படி அங்கே இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, மூக்கு விஷயம். நான் ஐந்து ஜாடிகளுக்கு மூக்கைத் தொட்டேன். அதில் சரியானது ஒன்றுதான். அண்ணன் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஊர் வந்ததும் காதைத் திருகி எழுப்பியவனும் அவன்தான்.