றோசா வீட்டுக்குப் போன சாப்பாடு

தட்டில் கரண்டி வைக்கும்போது பாலாம்பிகை இடக்கையைப் பாவிக்கமாட்டார். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில், வரிசையாக ஓடிவரும் ஒவ்வொரு தட்டிலும் வலக்கையால் கரண்டியை வைத்து, உதடு அசைய ஒரு "சிவ சிவ" சொல்லித்தான் விடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "ஆர் சாப்பிடப் போகினமோ, எங்க இறங்கப் போகினமோ. சொல்லிவிட்டால் எனக்கென்ன குறைஞ்சு போகும்?" என்பார்.

ஐம்பத்திரண்டு வயது. பியர்பொன்ட்ஸில் வரிசை வீடொன்றின் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்வருகிறார். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டார். குங்குமப் பொட்டைப் பெரிதாக வைப்பார். குளிருக்குத் தொப்பியை எவ்வளவு இழுத்துவிட்டாலும் அது வெளியே தெரிய வேண்டும். யாராவது சுகம் கேட்டால், "இருக்கிறன்" என்று ஒரே சொல். அதற்கு மேல் தோண்டினால் தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவார்.

இரண்டு கதவு தள்ளி றோசாவின் வீடு. ஹொண்டுராஸிலிருந்து அகதியாக வந்தவள். ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறாள். ஒரு வருடமாக இருவருக்கும் நடுவில் இருந்தது "பொன்ஜூர்" என்ற ஒரு பிரெஞ்சு வணக்கம் மட்டும். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களையும் அயலில் உள்ள மற்றவர்களையும் சோடி சேர்த்து, சனிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் மற்றவரும் சேர்ந்து சமைக்கும்படி ஒரு தொண்டு தொடங்கினார்கள். அப்போதுதான் கதவு திறந்தது. மொழிபெயர்க்கச் சாருஜா வந்தாள். எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். ஸ்பானிஷ் நன்றாக ஓடும்.

"நீங்க ரெண்டு பேரும் கதையுங்கோ, அன்ரி. நான் சும்மா ஒரு பாலம்."

"பாலமெண்டால் ஆடாமல் நில்லு, பிள்ளை. அந்த ஃபோனை முதல்ல கீழ வை."

முதற்சனி பாலாம்பிகை வீட்டில் பிட்டு. றோசா மாக் குழைத்த விதத்தைக் கண்டு பாலாம்பிகை வாய்விட்டுச் சிரித்தாராம். அவர் சிரித்ததை நான் கேள்விப்பட்டது அந்த ஒருமுறைதான்.

இரண்டாம் சனி றோசா வீட்டில். சாருஜா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அறை மூலையில் ஒரு ஆணின் படம். அதன் முன்னே சிவப்புப் பூக்கள், எரிகிற மெழுகுதிரி. றோசாவின் கண்ணும் அழுது வீங்கியிருந்தது. எங்கள் வீடுகளில் படத்துக்குப் பூ வைத்து விளக்குக் கொளுத்தினால் அதற்கு ஒரே பொருள்தான். பாலாம்பிகை ஒன்றும் கேட்கவில்லை. அப்படியான வீட்டில் துருவிக் கேட்பது முறையல்ல.

செத்தவீட்டில் அடுப்பு எரிக்கக்கூடாது. அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். மறுநாளிலிருந்து ஆறு நாள், வேலையால் வந்த களைப்போடு சமைத்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியுமாகக் கொண்டுபோனார். அரை மணித்தியாலம் பேசாமல் பக்கத்தில் இருப்பார். எழும்பும்போது, செத்தவீட்டு முறைப்படி, வாறன் என்று சொல்லாமல், கைகூடக் காட்டாமல் வருவார். றோசாவோ ஆசையாகச் சாப்பிட்டாள், கட்டிப்பிடித்தாள். 'பாவம், அழுது அழுது கண்ணீர் வத்திப்போச்சு' என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் சனியும் றோசா வீட்டில்தான். பாலாம்பிகை சாருஜாவிடம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, மனுசன் எப்ப செத்தவர் எண்டு கேள். முப்பத்தோராம் நாளுக்கு நான் வந்து சமைச்சுக் குடுக்கிறன்."

அவள் யோசிக்காமல் அதை அப்படியே ஸ்பானிஷில் சொல்லிவிட்டாள்.

றோசா எழுந்துபோய்ப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். சாருஜா பாலாம்பிகை பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, அவர் சாகேல்லை. மைக்கல், அவவின்ர மனுசன். இஞ்ச வாறதுக்கு வெளிக்கிட்டவர். மெக்சிகோவில இருந்து கதைச்சவர், பேந்து ஏழு கிழமையா ஒரு ஃபோனும் இல்லை. அவர் வந்து சேரவேணுமெண்டு மாதாவுக்கு வைச்ச நேத்திக்கடன் அது." பிறகு, "எங்களைப் போகச் சொல்லுறா" என்றாள்.

அன்று பின்னேரம் சாப்பாட்டுச் சட்டி கழுவித் துடைத்தபடி பாலாம்பிகையின் வாசலில் இருந்தது.

தெரியாமல் செய்த பிழைதானே என்று வேறு யாராக இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். பாலாம்பிகையால் முடியவில்லை. அவருடைய கணவர் சிவராசா, ஊரில் சண்டை முடிந்த நாளில் இராணுவத்திடம் சரணடைந்து, கையை உயர்த்திக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறினவர். பதினாறு வருடமாக ஒரு தகவலும் இல்லை. "படத்துக்கு ஒரு மாலையைப் போட்டு அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடு, தங்கச்சி" என்று சொன்னவர் கூடப்பிறந்த அண்ணன் தியாகலிங்கம். அந்த ஒரு சொல்லுக்காக அண்ணன் வீட்டுப் படியை அவர் பிறகு மிதிக்கவில்லை. அண்ணன் மகளின் கலியாணத்துக்கும் போகவில்லை.

"அண்ணை வாயால சொன்னதோட விட்டவர்," என்றார் சாருஜாவிடம். "நான் ஆறு நாள் சோறெல்லோ கொண்டுபோனன். உயிரோட இருக்கிற மனுசனுக்கு."

"வேற ஆளோட சேர்த்துவிடட்டோ, அன்ரி?"

"வேண்டாம். எனக்கு அந்தக் கதவுதான் வேணும்."

அடுத்த சனி பனி கொட்டியது. சாருஜாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தட்டினார். சங்கிலி மாட்டியபடி கதவு ஒரு சாண் திறந்தது. பாலாம்பிகை துவாயில் சுற்றிவந்த படத்தைப் பிரித்து அந்த இடைவெளியால் நீட்டினார். பூ இல்லை, பொட்டு இல்லை. துடைத்த கண்ணாடி மட்டும்.

"என்ர மனுசன். இவரும் இன்னும் வரேல்லை. ஒருத்தரையும் பூ வைக்க நான் விடேல்லை எண்டு சொல்லு, பிள்ளை."

சாருஜா தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். றோசா வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.  சங்கிலியைக் கழற்றி இவர்களை உள்ளே விட்டாள். படத்தைக் கொண்டுபோய் மைக்கலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினாள். பிறகு ஒரு சிவப்புப் பூவைக் கிள்ளிச் சிவராசாவின் முன்னே வைத்தாள்.

அதை எடுத்துவிடப் பாலாம்பிகையின் கை நீண்டது. பாதியில் நின்றது. இந்த வீட்டில் பூ வைப்பது வரவேண்டிய ஆளுக்கு. பிறகு அவர் அந்தக் கையைக் கீழிறக்கி, குனிந்து, பனி ஒட்டியிருந்த சப்பாத்தின் கயிற்றை மெல்ல அவிழ்க்கத் தொடங்கினார்.