ஐந்து மணிக்கு முடிந்த டிக்டேஷன்

தொண்ணூறுகளின் கடைசியில், டில்லியில் ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். "ஒரு பேட்டி எடுத்துட்டு வா. நல்லா இருந்தா இனிமே எழுது. இல்லேன்னா ஆயுசுக்கும் ஒற்றுப் போட்டுக்கிட்டு கிட" என்றார் ஆசிரியர். திங்கள்கிழமை கெடு.

கரோல் பாகில் மாடிவீட்டில் மனைவியோடு இருந்தார் பேட்டிக்காக நான் பிடித்த மனிதர். ஓய்வுபெற்ற ஸ்டெனோ. ஆயுள் முழுக்க அதிகாரிகள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். சனிக்கிழமை ஒரு மணி நேரம் பேசினார். அறைக்கு வந்து கேசட்டைப் போட்டேன். தொலைவில் எங்கோ மழை பெய்கிற மாதிரி வெறும் இரைச்சல். ரெக்கார்ட் பட்டனை நான் அழுத்தவே இல்லை.

ஞாயிறு காலை பனிமூட்டத்தில் மிதந்து வந்த பஸ்ஸில் ஏறி மறுபடி போனேன். பனி விலகியிருந்தது; அவர் மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"திரும்பச் சொல்றதா? எனக்கு வராது சார். நேத்திக்கு ஏதோ வந்தது."

"அவர் நேத்திக்குப் பேசினதே அதிசயம்!" என்றார் மனைவி, மொட்டைமாடியைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னலிலிருந்து.

அவர் பென்சிலைச் சீவினார். நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்கோ, நான் எடுக்கறேன்."

"எதை?"

"நான் நேத்திக்குச் சொன்னதைத்தான். டிக்டேஷன்னா எனக்குக் கை தன்னால ஓடும். அச்சா, ஆரம்பிக்கலாமா?"

கண்ணை மூடிக்கொண்டு, "நான்" என்றேன். நான் பதினெட்டு வயதில் ரயிலேறினேன். நான் முதல் குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டேன். இமைக்குள் வெயில் ஆரஞ்சாக அசைந்தது. வேறொருவர் ஞாபகத்துக்குள் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். எங்கோ கிளிகள் கத்தின. பென்சில் என் பின்னாலேயே வந்தது.

"கொஞ்சம் மெதுவா, சார்."

"என் மூன்றாவது பெண் பிறந்த அன்று ஏழு மணிவரை டிக்டேஷன். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை."

பென்சில் நின்றது.

"ஏழு இல்லை சார். அஞ்சுக்கே முடிஞ்சுடுத்து."

கண்ணைத் திறந்தேன். அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் பொண்ணுதான்னு போன் வந்தது. நான்தான் டைப் மெஷின் முன்னாடி சும்மா உக்காந்துண்டிருந்தேன்."

முதல் நாள் என்னிடம் ஏழு என்றவர். வீட்டிலும் இத்தனை வருஷமும் ஏழுதான் போலிருக்கிறது.

"திருத்தட்டுமா, சார்?"

என்னைப் போய்க் கேட்டார், நான் ஏதோ அவருடைய அதிகாரி மாதிரி. திங்கள்கிழமை நான் பிழைப்பேனா என்பது அந்த ஒரு எண்ணில் இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. "உங்க இஷ்டம்" என்றேன்.

எடுத்து முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுவது அவர்கள் தொழில் வழக்கம். வாசித்தார். ரயில், குளிர், சட்டை எல்லாம் அவர் குரலுக்குத் திரும்பி வந்தன. அந்த வரியும் வந்தது.

"ஐந்து மணிக்கே முடிந்தது. நான் போகவில்லை."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றது ஜன்னல் பக்கத்துக் குரல். "மேல படிங்கோ. ரசம் ஆறிண்டிருக்கு."

அவர் பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். விரல் இரண்டு தடவை வழுக்கியது.