மாரப்பனின் கண்ணழுத்தம்

மாரப்பனும் மகள் சௌந்திரமும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, லாரி பாடிப் பலகையில் கோணல் பார்த்த வேலை. அவள் முனையைப் பிடித்தாள். அவர் வழக்கம்போல் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாமக்கல் பட்டறையில் முப்பது வருடம் அப்படியே பார்த்ததால், அந்தக் கண்ணில் பார்வை போனதே அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் கண்டுபிடித்தபோது, இருபதுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் வலது கண்ணிலும் முப்பத்திரண்டு.

1986இல், லேசருக்காகக் கோயமுத்தூர் போகும்போது மகளிடம் கேட்டார்: "போன கண்ணு வருமா சாமி?"

"வராதுங்கப்பா. இருக்கிறது நிக்கும்."

"நிக்கட்டும். பலகைக்கு ஒண்ணு போதும்."

வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். அழுத்தம் குறைந்ததா என்று அளக்க, அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பட்டறையில் நெஞ்சுவலி வந்து இறந்தார். அப்பாவின் கண்ணழுத்தத்தைக் குறித்துவைத்த சௌந்திரத்தின் நோட்டில் முப்பத்திரண்டுக்கு அடுத்த கட்டம் காலி.