கார்களை நீட்டியவர்

சோல் பின்ஸ்கர் காரை வெட்டிக்கொண்டிருக்கிறார். விளம்பரப் புகைப்படத்தில்தான்; படங்களைத் திருத்துவது அவர் தொழில். முன்கதவை ஒட்டி பிளேடால் ஒரே இழுப்பு. இரண்டு பாதிகளையும் விரலகலம் தள்ளி ஒட்டி, நடுவில் தூரிகையால் கதவை வளர்க்கிறார். கார் படகாகிவிடுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைச் சற்றுக் குறுக்கினால் இன்னும் விசாலம். "ஆளு சின்னதானா எவனும் கோவிச்சுக்க மாட்டான். காரு சின்னதானா கம்பெனிக்காரன் அழுதுடுவான்" என்பார்.

நியூயார்க்கில் விளம்பர நிறுவனங்கள் நெருக்கியடிக்கும் தெருவில் அவருக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் நான் விளம்பரங்களுக்கு எழுத்து வரைகிறேன். மதியம் பாஸ்ட்ராமி இறைச்சி வைத்த ரொட்டியை இடது கையால் மட்டும் தின்பார். வலது கையில் கொழுப்பு படக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. பிராங்க்ஸ் பகுதியிலிருந்து சப்வே ரயிலில் வருகிறார்.

சில வருஷங்களுக்கு முன் அவரிடம் வந்த ஒரு விளம்பரத்தில் ஏறக்குறைய பக்கம் முழுக்க வெறுமை. ஓரத்தில் வண்டு மாதிரி ஒரு ஜெர்மன் கார். கீழே, தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் சில வரிகள். தூசி இருந்தால் எடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்று குறிப்பு. பாதிப் படத்தை அனுப்ப மறந்துவிட்டீர்களே என்று சோல் போன் செய்தார். அந்தப் பக்கம் சிரிப்புதான் கேட்டது.

அவர் மனைவி ஃப்ரீடாவின் அண்ணன் குடும்பம் போரில் ஜெர்மானியர் கையில் மாண்டது. "அவங்க காருக்கா வேலை செஞ்சீங்க?" என்று மட்டும் ஃப்ரீடா கேட்டாராம்.

"நான் அதைத் தொடவே இல்ல ஃப்ரீடா" என்றாராம் இவர். பொய்யில்லை. ஆனாலும் இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

விளம்பரம் வெளிவந்த வாரம், சப்வேயில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்ததை சோல் பார்த்தார். பிறகு அந்த ஆள் பத்திரிகையை மனைவியிடம் நீட்டினார். "நான் நீட்டின காரை எவனும் இப்படிப் படிச்சதில்ல" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வருத்தமா வியப்பா, எனக்குத் தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு வேலை இல்லை. எல்லோரும் உள்ளதை உள்ளபடி காட்டக் கிளம்பிவிட்டார்கள். அறையைக் காலி செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை திரும்பி வந்தது, வேறு உருவத்தில். சோப்பு, சட்டை, வங்கி எல்லாமே இப்போது தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கின்றன. சட்டையில் ஒரு கசங்கல் போடச் சொல்கிறார்கள். ஷூவில் ஒரு கீறல். "முன்னாடி குறையை மறைக்கக் கூப்பிட்டான். இப்ப வரையக் கூப்பிடறான்" என்கிறார் சோல்.

போன வாரம் ஒரு பெரிய கார் விளம்பரத்தோடு இளைஞர் ஒருவர் வந்தார். கார் பளபளத்தது.

"ரொம்ப சுத்தமா இருக்கு சோல். ஜனங்க நம்பணுமில்ல? கொஞ்சம் சேறு போடுங்க."

நிஜமாகவே சேற்றில் ஓட்டிப் படமெடுத்தால் என்ன என்று சோல் கேட்டார். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார் வந்தவர். சோல் சக்கரங்களில் சேறு பூசினார்; கதவு வரை தெறிக்க விட்டார். தத்ரூபமாக இருந்தது. இளைஞர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவ்வளவு நேர்மை வேண்டாமே."

சோல் பஞ்சை நனைத்து, கதவிலிருந்த சேற்றை ஒவ்வொரு பொட்டாக எடுத்தார். ஒவ்வொன்றை எடுத்ததும் நிமிர்ந்து, போதுமா என்பதுபோல அந்த இளைஞர் முகத்தைப் பார்த்தார்.