டோஸ் கூட்டியும் தீராத வலி

பவானிபூரில் அந்த மூன்றாம் மாடிக்கு ஏறும்போதே முனகல் கேட்டது. ஏற்கெனவே இரண்டு முறை டோஸ் கூட்டியாகிவிட்டது. இன்னும் கூட்ட வேண்டுமா என்று பார்த்து வரச் சொல்லி டாக்டர் என்னை அனுப்பியிருந்தார்.

மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை. பாதி நாள் பஸ்ஸிலும் படிக்கட்டிலும் போய்விடும். அந்த வீட்டு நோயாளி சபாபதி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. மார்ஃபின் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"ராத்திரி மாத்திரையை நானே வாயில போட்டுத் தண்ணி குடுக்கறேன் சிஸ்டர். விடியறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிடறார்" என்றார் அவர் மனைவி விசாலம். அவருக்கும் எழுபது வயதிருக்கும். தூங்கியே பல நாளான முகம்.

விரிப்பைச் சரிசெய்தபோது சுவரோரம் பாதி கரைந்த மாத்திரைகள் கிடந்தன. விசாலம் டீ போடப் போனதும் சபாபதியிடம் கேட்டேன்.

"ஏன் சார் துப்பினீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதைப் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறேன். படுக்கையிலயே போயிடுது. இவ ஒத்தையா என்னைப் புரட்டித் துணி மாத்தறா. அன்னிக்கு இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து அழுதா. வலிச்சா முழிச்சிருப்பேன், பாட்டில் கேட்டு வாங்கிப்பேன். வலி எனக்குத்தானே, இருந்துட்டுப் போகட்டும்."

பால்கனிக்குப் போய் டாக்டருக்கு போன் செய்தேன். மாத்திரையைத் துப்புவதைச் சொன்னேன். கூட்டிய டோஸை ஒருநாள் சபாபதி முழுசாக விழுங்கியிருந்தால் மூச்சே அடங்கியிருக்கலாம். முதலில் கொடுத்த அளவுக்கே திரும்பச் சொன்னார் டாக்டர்.

மறுநாள் யூரின் பேக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். விசாலம் வெட்கப்பட்டு இதுவரை உதவிக்குக் கூப்பிடாத கீழ்வீட்டு வங்காளிப் பெண்ணை நானே கூப்பிட்டேன். "ஆகே போலேன்னி கேனோ, மாஷிமா?" முன்பே ஏன் சொல்லவில்லை பெரியம்மா என்று கோபித்தபடியே வந்தார். விரிப்போடு சேர்த்து இருவராகச் சபாபதியைப் புரட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து மாத்திரையை விழுங்கினார். அடுத்த வாரம் வலி எப்படி என்று கேட்டதற்கு, "இருக்கு சிஸ்டர், ஆனா தள்ளி நிக்குது" என்றார். சில வாரங்களில் இறந்துபோனார். அதுவரை அந்த வீட்டில் இரண்டு பேருமே தூங்கினார்கள்.

இப்போதெல்லாம் மருந்துக்கு வலி கேட்கவில்லை என்று யாராவது சொன்னால், ராத்திரி பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். பல வீடுகளில் யாரும் இல்லை என்கிறார்கள். அதற்குக் கொடுக்க என் பையில் ஒன்றும் இல்லை.