பின்பக்கம் இல்லாத மலை

செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கும் எங்கள் மாடி அறையில் ஒரு மாதம் குடியிருந்தார் அவர். நீளத் தாடியைப் பார்த்து, தியானம் செய்ய வந்தவர் என்றே நினைத்தேன். வந்த மறுநாளே என் மனைவி, "சாமியார்னு சொன்னீங்க, மேல துப்பாக்கி சத்தம் கேக்குதே!" என்றாள்.

மேலே போய்ப் பார்த்தேன். வீடியோ கேம் ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதுவதுதான் அவர் வேலையாம். நான் பூஜை விளக்கைத் துடைப்பதுபோல, ஜாய்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுத்தான் ஆட உட்காருவார். அன்று முகம் வாடியிருந்தது.

"டிவி தொடர்லேருந்து எடுத்த கேமுங்க, இது ரெண்டாம் பாகம். வேற கிரகத்துல போய்ச் சுடணும். மொத பாகத்தோட பாத்தா இதுல என்னமோ கம்மி. என்னன்னுதான் பிடிபடல. சாயங்காலம் விமர்சனம் அனுப்பணும். நீங்க கொஞ்சம் ஆடிப் பாருங்கண்ணே."

திரையில் ஒரு சிவப்பு மலை நின்றது. எனக்குச் சுடத் தோன்றவில்லை. மலையை வலமாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

"அண்ணே, எதிரி நிக்கிறான், சுடுங்க!"

"இருங்க தம்பி, மலையக் கண்டா சுத்தாம எப்படி?"

பாதி சுற்றியதும் மலை முடிந்துவிட்டது. பின்னால் ஒன்றுமே வரையவில்லை, வெறும் கறுப்பு. அவர் துள்ளி எழுந்தார். "இதாங்க! எல்லாம் முகப்புதான், உள்ள ஒலகமே இல்ல!" என்று உடனே எழுத உட்கார்ந்தார்.

அவர் காலி செய்து போய்விட்டார். பௌர்ணமி கிரிவலத்தில் மலைக்குப் பின்பக்கம் வரும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. அண்ணாந்து பார்க்கிறேன். மலை இருக்கிறது. "அண்ணாமலையானே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தொடர்ந்து நடக்கிறேன்.